தடுத்த பின், அடிக்கு முன்

திருவண்ணாமலை
24 நவம்பர் 2024

கலை,

இதைக் கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு பத்தி மட்டும் படி. அன்றைக்கு நான் சொன்ன தீர்ப்பு தவறு. நீ சொன்னதுதான் சரி.

இதை எழுத எனக்கு ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நீதிமன்றத்தில் வரிசையைத்தான் கேட்பார்களாம். உனக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை. நான் பார்த்ததும் நீ பார்த்ததும் ஒன்றுதானா என்று சரிபார்த்துக்கொள்.

பிப்ரவரி பதினெட்டு, ஞாயிறு. செங்கம் சாலையில் நாம் வாராவாரம் கூடும் மாடி காபிக் கடை. ‘அரண்’ கார்டுப் போட்டியின் கடைசி ஆட்டம், நீயும் பிரகாஷும். ஜெயிப்பவர் சென்னைப் போட்டிக்குப் போகலாம். உன் கோட்டையில் நான்கு கல்தான் பாக்கி. பிரகாஷ் யானையை அனுப்பினான். நீ ஈட்டி வீரனை முன்னால் தள்ளி “பிளாக்” என்றாய். அதற்கப்புறம் பிரகாஷ் தீ அம்புக் கார்டைப் போட்டு உன் வீரனைக் கொன்றான். வீரன் மேசையை விட்டுப் போய்விட்டான். இப்போது யானையின் அடி கோட்டையில் விழுமா, விழாதா? அதுதான் கேள்வி.

“தடுத்தாச்சுக்கா. அப்பறம் ஆளு செத்தாலும் தடுத்தது தடுத்ததுதான். புக்குல இருக்கு” என்று நீ சொன்னாய். “நோ பிளாக்கர், நோ பிளாக். சிம்பிள் லாஜிக்” என்று பிரகாஷ் சிரித்துக்கொண்டே சொன்னான். நான்தான் நடுவர். விதிப்புத்தகம் என் பைக்குள் இருந்தது. அதைத் திறக்காமலே “கோட்டை விழுந்தது” என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம்தான் அதைத் திறந்தேன். முப்பத்தொன்றாம் பக்கம். தாக்குபவன் ஒருமுறை தடுக்கப்பட்டால், தடுத்தவன் பிறகு இறந்தாலும், அந்தத் தாக்குதல் தடுக்கப்பட்டதாகவே இருக்கும். நீ சொன்ன அதே வாக்கியம். ஆட்டம் முடிந்திருக்கவில்லை. அடுத்த முறை உன்னுடையது.

அன்றைக்கு மணி ஐந்தே முக்கால். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாக வேண்டும், சமணர்களான எங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். அந்த அவசரம்தான் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. உன் மேல் போட்டிருக்கிற வழக்கில் நான் அரசுத் தரப்புச் சாட்சி. பிப்ரவரியில் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. போலீசில் நான் சொன்னது முழுசும் இல்லை. கீழே தெருவில் நடந்ததில் பாதியைத்தான் சொன்னேன். அப்போது பிரகாஷின் அண்ணன் மாறன் பக்கத்தில் நின்றிருந்தான். என் கையெல்லாம் இரத்தம். அதெல்லாம் காரணம் ஆகாது. தெரியும்.

உனக்கு விருப்பமிருந்தால் பதில் போடு.

அனுபமா


வேலூர்
6 டிசம்பர் 2024

அனுபமா மேடத்துக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. நான்கு தரம் படித்தேன். நான்காவது தரம் படித்தபோதுதான் அதிகமாகக் கோபம் வந்தது.

பொழுது சாய்ந்ததால் என்று எழுதியிருக்கிறீர்கள். அது இல்லை. அவன் இங்கிலீஷில் சொன்னான், நான் தமிழில் சொன்னேன். அவ்வளவுதான். நான் பேசும்போது நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்தப் புத்தகம் நாற்பத்தாறு பக்கம். நான் பத்தாவதோடு நின்றவன். ஜெராக்ஸ் எடுத்து ஆட்டோ சீட்டுக்கு அடியில் வைத்திருப்பேன். ஆசிரமத்து ஸ்டாண்டில் சவாரி இல்லாத நேரத்தில் போனில் அகராதி பார்த்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் மேலே பென்சிலால் தமிழில் எழுதி, எட்டு மாதத்தில் முடித்தேன். பிரகாஷ் அதில் பத்துப் பக்கம் படித்திருப்பானா? செல்போன் கடையில் உட்கார்ந்துகொண்டு வெள்ளைக்காரர்களிடம் பேசிப் பழகிய இங்கிலீஷ் அவனுடையது. அதற்கு நீங்கள் மயங்கினீர்கள்.

படி இறங்கும்போது அவன் சொன்னது உங்களுக்கும் கேட்டிருக்கும். “ஆட்டோ ஓட்றவனுக்கு எதுக்குடா ரூல் புக்கு? மொதல்ல உன் பேர இங்கிலீஷ்ல எழுதிக் காட்டு பாப்போம்.” பத்துப் பேர் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. ஆனால் சும்மா இருடா என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

என் இடது முழங்கைக்குக் கீழே பதினேழு தையல். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்குவதில்லை. ஆட்டோவில் கிளட்ச் இடது கையில்தான் இருக்கிறது. இந்த ஜெயிலை விட்டு வெளியே வந்தாலும் நான் என்ன வேலைக்குப் போவேன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அரிவாளை முதலில் எடுத்தது யார்? முதலில் வீசியது யார்? அதைக் கோர்ட்டில் சொல்லுங்கள். அது போதும். உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் திருப்பி அடித்தான் என்று வந்தால் வழக்கே நிற்காது என்று வக்கீல் சொல்கிறார். அதற்கு மேல் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அதற்கு மேல் எதுவும் நினைவில் இல்லை.

இரண்டு முறை ஜாமீன் மறுத்துவிட்டார்கள். ஸ்டாண்டில் நடந்த பழைய சண்டைக் கேஸ் ஒன்று குறுக்கே நிற்கிறது.

கலையரசன்


திருவண்ணாமலை
19 டிசம்பர் 2024

கலை,

தீபத்துக்கு வந்த கூட்டத்தில் என் மருந்துக்கடையில் நிற்க நேரமில்லை. அதனால்தான் தாமதம்.

நீ எழுதியது உண்மை. இங்கிலீஷ்தான் காரணம். நானும் ஊரிலிருந்து வந்து, பார்மசி கல்லூரியில் முதல் வருடம் முழுக்க வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள். அந்த மொழியில் யாராவது திடமாகப் பேசினால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்குள் ஒரு பயம் இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்தில் உன்னைத் தோற்கடித்தேன். இதைப் பொழுதின் மேல் போட்டது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நீ கேட்டதை என்னால் செய்ய முடியாது. எனக்கு அதற்கு மேலும் நினைவில் இருக்கிறது. உனக்கு நினைவில்லை என்றால் நான் எழுதுகிறேன்.

மாடியிலிருந்து இறங்கிக் கடைசிப் படியில் நின்றிருந்தேன். நீ பிரகாஷின் சட்டையைப் பிடித்து இழுத்தாய். அவன் கார்டுப் பெட்டியைப் பிடுங்கிச் சாலையில் வீசினாய். கார்டுகள் சிதறின. ஒரு வேன் அவற்றின்மேல் ஏறிப் போனது. பிரகாஷ் அதைப் பார்த்தான். பிறகு தனம் அக்காவின் இளநீர் வண்டிக்கு ஓடினான். காய் சீவும் அரிவாள் காய்க்குலை மேலே கிடந்தது. அதை எடுத்து உன் கழுத்துக்கு வீசினான். ஆமாம், கழுத்துக்குத்தான். அது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். நீ இடது கையைத் தூக்கினாய். சதை பிளந்து வெள்ளையாக எலும்பு தெரிந்தது. தனம் அக்கா, “அய்யோ, வுட்ருங்கடா, வுட்ருங்கடா” என்று கத்தினாள்.

நீ அவன் முழங்காலில் உதைத்தாய். அவன் வண்டிச் சக்கரத்தில் மோதி விழுந்தான். அரிவாள் அவன் கையை விட்டுப் போனது. நீ அதை எடுத்தாய்.

இதுவரை சொன்னால் உனக்குப் போதும். நான் நிறுத்த மாட்டேன், கலை. பிரகாஷ் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் கையில் ஒன்றும் இல்லை. இரண்டு கைகளையும் மேலே தூக்கினான். “போதும்டா கலை. நான்தான் தப்பு. விட்ருடா” என்றான். நீ நின்றாய். அவனைப் பார்த்தாய். பிறகு வெட்டினாய். முதல் வெட்டு அவன் தூக்கியிருந்த வலது கையில். இரண்டாவது தோளில்.

என் துப்பட்டாவால் அவன் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினேன். தரையிலிருந்து மூன்று விரல்களைப் பொறுக்கினேன். ஒன்று வண்டிக்கு அடியில் இளநீர் மட்டைகளுக்கு நடுவே கிடந்தது. பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, பாலித்தீன் பையில் போட்டு எடுத்துப் போனேன். நசுங்கிவிட்டன, ஒட்டாது என்றார்கள். அந்தப் பையை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன்.

நீதிமன்றத்தில் இரண்டையும் சொல்வேன். அவன் எடுத்ததையும், நீ வெட்டியதையும். யாருக்காகவும் பாதியாகச் சொல்ல மாட்டேன். அந்தத் தப்பை ஏற்கெனவே இரண்டு முறை செய்துவிட்டேன்.

அனுபமா


வேலூர்
2 ஜனவரி 2025

அனுபமா மேடத்துக்கு,

எனக்காக ஒரு நாள்கூட வாய் திறக்காதவர் நீங்கள். வாய் திறக்கும் முதல் நாளே என்னை உள்ளே தள்ளத்தான் திறக்கப் போகிறீர்களா?

நான் வெட்டியிருக்காவிட்டால் அவன் எழுந்து மறுபடி வந்திருப்பான். கழுத்துக்கு வீசினான் என்று நீங்களே எழுதுகிறீர்கள். கழுத்துக்கு வீசியவன் கையைத் தூக்கிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? உங்கள் கையில் எலும்பு தெரிய இரத்தம் ஓடும்போது நின்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். மாடிப்படியில் நின்று பார்த்தவருக்கு எல்லாம் வரிசையாகத்தான் தெரியும்.

உங்கள் உண்மை உங்களைத் தூங்கவைக்கும். எனக்கு ஏழு வருடமோ பத்து வருடமோ. இனி எழுதாதீர்கள்.

கலையரசன்


திருவண்ணாமலை
21 ஜனவரி 2025

கலை,

எழுத வேண்டாம் என்றாய். எழுத வேண்டியதாகிவிட்டது. இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

போன சனிக்கிழமை மதியம் மாறன் கடைக்கு வந்தான். சாப்பாட்டு நேரம், கடையில் நான் மட்டும். முதலில் மரியாதையாகத்தான் பேசினான். “என் தம்பி அரிவா எடுத்தான்னு கோர்ட்ல சொல்லப் போறியாமே. யாருகிட்ட கேட்டு சொல்லப் போற?” என்றான். உன் வக்கீல் அங்கங்கே பேசியது அவன் காதுக்குப் போயிருக்க வேண்டும். பார்த்ததைத்தான் சொல்வேன், உங்கள் தம்பிக்கு நடந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன் என்றேன். சரி என்று வெளியே போனான்.

சாப்பிடப் போகலாம் என்று ஷட்டரை இழுக்க வெளியே குனிந்தேன். பூட்டுக் கொக்கியில் வலது கை இருந்தது. அவன் போகவில்லை. சுவரோரம் நின்றிருந்தான். ஷட்டரை இரண்டு கையாலும் பிடித்து மேலிருந்து ஓங்கி இறக்கினான். என் கைக்கு மேலேயே இறக்கினான். இறக்கிவிட்டு அதன்மேல் காலை வைத்து மிதித்தான். எலும்பு ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. “இந்தக் கையாலதான சத்தியம் பண்ணுவ?” என்றான். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருக்கிறது. தகடு வைத்திருக்கிறார்கள். புகார் கொடுத்துவிட்டேன். அம்மா ஊருக்கே வந்துவிடு என்கிறாள். நான் போகப் போவதில்லை.

இதை உனக்குச் சொல்வது அழுவதற்கு இல்லை. உன் ஸ்டாண்டு வேடியப்பன் மருத்துவமனைக்கு வந்து என் கட்டைப் பார்த்தான். அவன் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. “கலை அண்ணன் காதுல போட்டுட்டு வரேங்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனான். உன் சிநேகிதனை உனக்குத்தான் தெரியும். நீ ஒரு வார்த்தை சொன்னால் நிற்பான். ஒரு வார்த்தை சொன்னால் மாறன்மேல் பாய்ந்துவிடவும் செய்வான். என் கைக்காக யாரும் யாரையும் தொடக் கூடாது. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். மாறனைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். வேடியப்பன் வந்தால், வேண்டாம் என்று சொல்.

அனுபமா


வேலூர்
23 ஜனவரி 2025

அக்கா,

நேற்று ஜெயிலில் மனு போட்டு வேடியப்பன் பார்க்க வந்தான். உங்கள் கையைப் பற்றிச் சொன்னான். எனக்கு இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. கம்பியில் முட்டிக்கொண்டதில் நெற்றி கிழிந்துவிட்டது.

போன கடிதத்தில் நான் எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். என்னால்தான் உங்களுக்கு இது.

நீங்கள் கவலைப்படாமல் கடைக்குப் போங்கள். இனி யாரும் உங்கள் கடைப்படி ஏற மாட்டார்கள்.

கலை


திருவண்ணாமலை
4 பிப்ரவரி 2025

கலை,

உன் கடிதம் ஜனவரி முப்பதாம் தேதி வந்தது. என்னுடையது உனக்கு எப்போது கிடைத்தது என்று தெரியவில்லை. கிடைத்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

உனக்கு யார் என்ன சொன்னார்களோ தெரியாது. நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இருபத்தொன்பதாம் தேதி புதன்கிழமை, காலை எட்டு மணி. கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னால். மாறன் தன் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தான். வர்ஷா என்று பெயர், இரண்டாவது படிக்கிறாள். பைக்கில் அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வேடியப்பன் ஆட்டோவைக் குறுக்கே விட்டான். பைக் சாய்ந்தது. குழந்தை தார்ச்சாலையில் போய் விழுந்தாள். அவள் விழுந்ததை வேடியப்பன் பார்த்தானா என்று எனக்குத் தெரியாது. ஜாக்கி ராடோடு இறங்கி மாறனின் முழங்காலில் அடித்திருக்கிறான். ஒரு காலில் இல்லை, இரண்டிலும். எண்ணி அடித்ததுபோல் அடித்தான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். குழந்தை பத்தடி தூரத்தில் யூனிபார்மோடு உட்கார்ந்து, அப்பா அப்பா என்று கத்திக்கொண்டிருந்தாளாம். அடிபட்ட பக்கம் கையைத் தூக்க முடியாமல்.

மாறனின் இடது முழங்கால் சில்லு தூளாகிவிட்டது. இனி மடங்காது. குழந்தைக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு, முன்பற்கள் இரண்டு போய்விட்டன.

வேடியப்பனைப் பிடித்துவிட்டார்கள். ஸ்டாண்டில் மாறனோடு தனக்குத் தகராறு, அதனால் அடித்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். உன் பெயரை அவன் சொல்லவில்லை.

நேற்று மாறனின் மனைவி என் கடைக்கு வந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்த சிரப் வேறு எந்தக் கடையிலும் இல்லையாம். என் கட்டைப் பார்த்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியும். நான் இடது கையால் பாட்டிலை எடுத்து வைத்தேன். “எவ்ளோ குடுக்கணும், எப்ப குடுக்கணும்?” என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். போகும்போது திரும்பி, “பாப்பா ராத்திரில எழுந்து உக்காந்துக்குது. அதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்குதா?” என்றாள். அந்த மருந்து என் கடையில் இல்லை, கலை.

ஒரே ஒரு கேள்வி. இருபத்திரண்டாம் தேதி வேடியப்பன் உன்னைப் பார்க்க வந்தபோது நீ சொன்னாயா? ஆமாம் அல்லது இல்லை. அது போதும்.

அனுபமா


வேலூர்
13 பிப்ரவரி 2025

அக்கா,

நான் சொல்லவில்லை.

கலை


திருவண்ணாமலை
27 பிப்ரவரி 2025

கலை,

செவ்வாய்க்கிழமை நீ கூண்டில் நின்றாய். நான் உள்ளே வந்தபோது பார்த்தாய், பிறகு கடைசிவரை என் பக்கம் திரும்பவில்லை. அதனால் நான் சொன்னதை எந்த முகத்தோடு கேட்டாய் என்று எனக்குத் தெரியாது.

இரண்டையும் சொன்னேன். பிரகாஷ் கழுத்துக்கு வீசியதைச் சொன்னபோது அரசு வக்கீலுக்குப் பிடிக்கவில்லை. அவன் கை தூக்கியதைச் சொன்னபோது உன் வக்கீலுக்குப் பிடிக்கவில்லை. அவர் எழுந்து, “நீங்க அந்த விளையாட்டுல நடுவர். அன்னிக்கு நீங்க சொன்ன தீர்ப்பே தப்புன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. கண்ணு முன்னாடி மேசை மேல நடந்ததையே சரியா சொல்லத் தெரியல. தெருவுல நடந்தத மட்டும் எப்படிம்மா சரியா சொல்வீங்க?” என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“அன்னைக்கு நான் பாக்காம சொன்னேன் சார். இத பாத்துட்டு சொல்றேன்” என்றேன். இதைவிட நன்றாகச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது அதுதான்.

வெட்டுவதற்கு முன் எவ்வளவு நேரம் நின்றான் என்று நீதிபதி கேட்டார். கணக்குச் சொல்ல முடியாது, ஆனால் நின்றான், அவனைப் பார்த்தான் என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

வெளியே வராண்டாவில் பிரகாஷ் தனியாக உட்கார்ந்திருந்தான். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். தண்ணீர் பாட்டிலை முழங்காலுக்கு நடுவே வைத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அது சுற்றவில்லை. என்னிடம் நீட்டினான். என் வலது கையில் இன்னும் கட்டு. இரண்டு பேரும் சேர்ந்து முயன்று பார்த்தோம். அவன் பாட்டிலைப் பிடித்துக்கொள்ள, நான் இடது கையால் திருகினேன். வழுக்கிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு போலீஸ்காரர் வந்து திறந்து கொடுத்தார். பிரகாஷ் குடித்துவிட்டு, “உன் மேல எனக்குக் கோவம் இல்ல அனு. அண்ணன் பண்ணது எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. அந்தப் புள்ளைய பாத்தியா நீ?” என்றான். பார்க்கவில்லை என்றேன். “பாக்காத” என்றான்.

உன் ஒரு வரிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. நான் அதை நம்பவில்லை. ஆனால் மறுபடி கேட்க மாட்டேன். நீ இருபத்து மூன்றாம் தேதி எழுதிய கடிதமும் என்னிடம் இருக்கிறது. ‘இனி யாரும் உங்கள் கடைப்படி ஏற மாட்டார்கள்.’ அதை மாறனை அடித்த வழக்கில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். கொடுத்தால் எனக்காகக் கோபப்பட்ட ஒருவனைக் காட்டிக்கொடுத்தவள். கொடுக்காவிட்டால் மறுபடி பாதியை மறைத்தவள். தினமும் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன்.

அனுபமா


வேலூர்
9 மார்ச் 2025

அக்கா,

கூண்டில் நான் உங்களைப் பார்க்காமல் இருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை. நீங்கள் சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் நினைவுக்கு வரும் என்று பயந்தேன். வரவில்லை. ஏனென்றால் அது போகவே இல்லை. நினைவில்லை என்று நான் எழுதியது பொய்.

ஆட்டத்தில் தடுத்த பிறகு, அடி விழுவதற்கு முன், ஒரு இடைவெளி உண்டு. கார்டு போடுகிறவன் அங்கேதான் போட வேண்டும். வேண்டாம் என்று சும்மா இருக்கிறவனும் அங்கேதான் சும்மா இருக்க வேண்டும். அந்தப் புத்தகத்தில் எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆன இடம் அதுதான். அன்றைக்கு எனக்கு அது இருந்தது. அவன் கையைத் தூக்கினான். நான் நின்றேன். சாலையில் ஒரு பெங்களூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து, நின்று, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி கிளம்பி முழுசாகக் கடந்து போனது. அவ்வளவு நேரம். அவன் கையில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவன் எழுந்து வர மாட்டான் என்பதும் தெரியும். என் பெயரை எழுதிக் காட்டச் சொன்னவன் என் கண் முன்னால் அழுதுகொண்டிருந்தான். எனக்கு அது போதவில்லை. இவன் இனி எதையும் எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் அந்தக் கையைப் பார்த்து வெட்டினேன். இரத்தம் கண்ணை மறைத்தது, பயம் என்று வக்கீல் சொல்லச் சொன்னதெல்லாம் இல்லை. பயம் அவன் வீசியபோது இருந்தது. நான் வெட்டும்போது இல்லை.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

ஜனவரி இருபத்திரண்டாம் தேதி வேடியப்பன் வந்தான். உங்கள் கையைச் சொன்னான். “இன்னாண்ணா பண்ணலாம்?” என்று கேட்டான். அவன் அப்படித்தான், நான் சொன்னால்தான் செய்வான். நான் சொன்னேன், “அவன் நடக்கக் கூடாதுடா.” அவ்வளவுதான் சொன்னேன். எந்தக் கால் என்றுகூட அவன் கேட்கவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிற நேரம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று எழுத ஆசைப்படுகிறேன். அன்றைய கோபத்தில் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை, அக்கா. அதனால் அதை எழுதாமல் விடுகிறேன்.

உங்கள் கடிதம் ஜனவரி இருபத்தேழு, திங்கட்கிழமை என் கைக்கு வந்தது. ‘வேண்டாம் என்று சொல்’ என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதற்கு அப்புறம் இரண்டு நாள் இருந்தது. வக்கீல் செவ்வாய்க்கிழமை வந்தார். அரை மணி நேரம் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் வேடியப்பன் நின்றிருப்பான். சாட்சிகளைப் பற்றிப் பேசினோம். சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம். நான் சொல்லவில்லை. உங்களுக்கு ஒரு வரியில் ‘நான் சொல்லவில்லை’ என்று எழுதினேனே, அது இந்த ஒன்றுக்குத்தான் பொருந்தும்.

வேடியப்பன் என் பெயரைச் சொல்லாமல் உள்ளே கிடக்கிறான். அந்தப் பாப்பா ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். நீங்கள் பீரோவைத் திறந்து திறந்து மூடுகிறீர்கள். மூன்று பேரும் என் வேலையைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

பீரோவில் இருக்கிற கடிதத்தை நீங்கள் யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. மறைக்கவும் வேண்டியதில்லை. இங்கிருந்து போகிற கடிதத்தை எல்லாம் ஓர் அதிகாரி படித்த பிறகுதான் வெளியே அனுப்புவார்கள். இத்தனை நாள் அதற்குத் தகுந்த மாதிரி சுற்றி வளைத்து எழுதினேன். இன்று நேராக எழுதுகிறேன். தேதி, பெயர், நான் சொன்ன வார்த்தை எல்லாம் மேலே இருக்கிறது. அவருக்குப் படிக்க வசதியாக எழுத்தையும் நிறுத்தி நிதானமாக எழுதியிருக்கிறேன்.

இது உங்கள் கைக்கு வருமா, இல்லை நேராகக் கோர்ட்டுக்குப் போகுமா என்று தெரியாது. வந்தால், உறை பிரிந்திருக்கும். யாரோ பிரித்துவிட்டார்களே என்று பயப்படாதீர்கள். ஒட்டாமல்தான் கொடுக்கிறேன்.

கலையரசன்